பதினோரு கார்டும் ஒரு பாஸ்போர்ட்டும்

என்னைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மோசமான ஆள் இல்லை. குன்னூருக்குக் கீழே ஒரு சின்னத் தேயிலை எஸ்டேட்டில் இருபது வருஷமாக சூப்பர்வைசர். கொழுந்து பறிக்கிறவர்களைத் திட்டியிருக்கிறேன், கை நீட்டியதில்லை. தொழிலாளர்கள் குடியிருக்கிற லைனில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். இதையெல்லாம் ஏன் இப்போதே சொல்லிவைக்கிறேன் என்றால், இன்னும் கொஞ்ச நேரத்தில் நீங்கள் வேறு மாதிரி நினைக்கப் போகிறீர்கள்.

என் தங்கை வளைகுடா நாடு ஒன்றுக்கு வீட்டு வேலைக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. புருஷன் இல்லாதவள். ஒரே மகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணுக்கு நானும் என் மனைவியும் கல்யாணம் செய்து வைத்தோம். பெற்றவள் அதை போனில் பார்த்தாள். இப்போது அந்தப் பெண்ணுக்குத் தலைப்பிரசவம், எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வரவேண்டும் என்பது வழக்கம். அம்மாவுக்கு இங்கே வீடே கிடையாது, எங்கள் வீடுதான். அது போகட்டும், அம்மாவாவது இருக்க வேண்டாமா? வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து இறங்கிய அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள்.

"எங்கம்மா என் கல்யாணத்தைத்தான் போன்ல பாத்தாங்க. இதையும் போன்ல பாக்க வெக்க மாட்டேன் மாமா. அம்மா வரணும். நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது."

தங்கை வரத் தயார். அவள் வேலை செய்யும் வீட்டு மேடம் லீவு கொடுக்கவும் தயார். ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. பாஸ்போர்ட் மேடத்திடம் இருந்தது. தங்கை விமானத்திலிருந்து இறங்கிய அன்றே, பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்தது. நான்கு வருஷமாகப் பத்திரமாகவே இருக்கிறது.

"லீவுல போயிட்டு வா, ஆனா பாஸ்போர்ட்டு இங்கயே இருக்கட்டும்னு சொல்றாங்கண்ணே."

"பாஸ்போர்ட்டு இல்லாம எப்படிம்மா பிளேன்ல ஏத்துவான்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அதெல்லாம் கவலைப்படாத, கையில வெச்சிருந்தா தொலைச்சுருவ, எங்கிட்ட இருக்கட்டும்ங்கறாங்க. ரொம்பப் பிரியமா சொல்றாங்கண்ணே, அதுதான் கஷ்டமா இருக்கு."

அந்த நாட்டுச் சட்டப்படியே முதலாளி அதை வைத்திருக்கக் கூடாதாம். எங்கேயோ ஓர் ஆபீசில் கேட்டு, அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, நாலு மாதமாக மேடத்திடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள் என் தங்கை. உலகத்தில் யாருமே அப்படி வாங்கி வைப்பதில்லை, நீங்கள்தான் இப்படி என்பது அவளுடைய வாதம். நான்தான் அவசரக் குடுக்கையாக, "நீ இரு, நான் பேசறேன்" என்றேன். எனக்கு அரபியும் தெரியாது, ஆங்கிலமும் எஸ்டேட் ஆங்கிலம்தான். ஆனால் இருபது வருஷமாக ஆள் மேய்க்கிறவன், ஒரு அம்மாவைச் சமாளிக்க முடியாதா என்று ஒரு மிதப்பு.

எங்கள் எஸ்டேட்டில் டவர் கிடைக்கிற ஒரே இடம் கொழுந்து நிறுக்கிற ஷெட். அங்கே மூலையில் எனக்கு ஒரு மேஜை, அதற்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி. வெள்ளிக்கிழமை மேடத்துக்கு ஓய்வு நாள். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே மத்தியான நிறுவை முடிகிற நேரம். குரங்குக் குல்லாவைக் கழற்றித் தலையை வாரி, கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கை மகள் எதிரே நின்று போனைப் பிடித்தாள்.

மேடத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கொடுமைக்காரியாக ஓர் ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். நல்ல உருண்டை முகம், சிரித்த கண், கையில் டீ. அதுவும் என் தங்கை கேட்டாள் என்று நான் டின் டின்னாக அனுப்பிவைக்கும் எங்கள் ஃபேக்டரித் தூள். பக்கத்தில் என் தங்கை நின்றுகொண்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

"உங்க டீத்தூள் ரொம்ப நல்லாருக்காம்."

"சந்தோசமுங்கன்னு சொல்லு. பாஸ்போர்ட்டைப் பத்திக் கேளு."

"பத்திரமா இருக்காம். நான் அவங்களுக்கு மக மாதிரியாம். மக சாமானை அம்மா பத்திரமா வெக்கறது ஒரு தப்பாங்கறாங்க."

"நீ ஓடிப்போயிருவேன்னு பயமான்னு கேளு."

மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டு நீளமாகப் பேசினார். தங்கை பெருமூச்சு விட்டாள்.

"பயமெல்லாம் இல்லியாம், பொறுப்பாம். ஆள் வெச்சு வேலை வாங்கறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியுமாம். உங்க அண்ணனுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போகுதுங்கறாங்க."

இந்த இடத்தில்தான் எனக்குச் சனி பிடித்தது. எனக்கா தெரியாது?

"ஏன் தெரியாது? எனக்குக் கீழ ஜார்க்கண்டுல இருந்து வந்தவங்க பதினோரு பேரு இருக்காங்கன்னு சொல்லு. அத்தனை பேரு ஆதார் கார்டும் எங்கிட்டதான் பத்திரமா இருக்குன்னு சொல்லு. எல்லாரும் எனக்குப் புள்ளைங்க மாதிரின்னு சொல்லு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் ஓடினதில்லைன்னு சொல்லு!" என்று பெட்டியை இழுத்துத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டை எடுத்து போனுக்கு நேராக ஆட்டினேன்.

தங்கை மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தாள். மொழிபெயர்க்க வேண்டிய தேவையும் இல்லை. கட்டைப் பார்த்த மாத்திரத்தில் மேடத்துக்கு விளங்கிவிட்டது. கையைத் தட்டிச் சிரித்தார். ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் சொந்தக்காரனைக் கண்டுபிடித்தவர் மாதிரி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"என்ன சொல்றாங்க?"

"உலகத்துல யாருமே இப்படிச் செய்யறதில்லைன்னு நாலு மாசமா சொன்னியே, உங்கண்ணனே செய்யறாரேங்கறாங்க." பிறகு அவள் தன் சொந்தக் குரலில் சொன்னாள். "நல்லாருக்குண்ணே. ரொம்ப நல்லாருக்கு."

போனைப் பிடித்திருந்த தங்கை மகள், "மாமா, நீங்க யார் கட்சி?" என்றாள்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் என்னைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அது அப்பாவுடைய பெட்டி. அப்பா சிலோன் தோட்டத்தில் பிறந்து, அங்கிருந்து கப்பலில் அனுப்பிவைக்கப்பட்டு இந்த மலைக்கு வந்தவர். வருகிற வழியில் கூட வந்த தோட்ட லயத்து ஆட்கள் சிலருடைய காகிதங்கள் நனைந்து கூழாகிவிட்டன. அவர்களை ஆபீஸ் ஆபீஸாக வருஷக்கணக்கில் நடக்கவிட்டார்கள், நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று. அதிலிருந்து எங்கள் ஆட்களுக்குக் காகிதம் என்றால் உயிர். அப்பா ஓர் இரும்புப் பெட்டி வாங்கினார். லைன் முழுக்க அவரவர் பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை, வேலைச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து அதில் போட்டார்கள். அது எங்கள் வீட்டுக்கு ஒரு மரியாதை. அப்பா போனபின் பெட்டி எனக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜார்க்கண்டு ஆட்கள் வந்து ஜீப்பிலிருந்து இறங்கியபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே, "கார்டைக் குடுங்க, பத்திரமா வெக்கறேன்" என்பதுதான். ஆபீஸில் யாரும் சொல்லவில்லை. மரியாதை செய்வதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக.

அப்பாவிடம் யாராவது கேட்டால் அந்த நிமிஷமே எடுத்துக் கொடுத்துவிடுவார். நான் "எதுக்கு?" என்று கேட்பேன். அந்த ஒரு வார்த்தையை எங்கே பழகினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போனில் தங்கை காத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அதை இப்பவே அவங்கவங்ககிட்ட குடு. மேடம் பாக்கறப்பவே குடு."

"குடுக்கறேன், அதுக்கென்ன. ஆனா எல்லாரும் கெளம்பிப் போயிட்டா?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மேடம் ஆவலாகத் தங்கையின் கையைத் தட்டி என்ன, என்ன என்றார். தங்கை சொன்னாள். அதேதான், அதேதான் என்று மேடம் இரண்டு கையையும் விரித்தார். பிறகு யோசித்தார். அவருக்கு ஒரு குஷி வந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணே, ஒரு பந்தயம் சொல்றாங்க. நீ அந்தப் பதினோரு பேரு கார்டையும் குடுத்துரணுமாம். ஒரு மாசம் பாப்பாங்களாம். பதினோரு பேரும் அங்கயே இருந்தா, பாஸ்போர்ட்டை எங்கிட்ட குடுத்துருவாங்களாம். ஒருத்தர் கொறைஞ்சாலும் கெடையாதாம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவங்களே எண்ணுவாங்களாம்."

என் தங்கை பிரசவத்துக்கு வருவதும் வராததும், அவள் பெயர்கூடத் தெரியாத பதினோரு பேர் என் எஸ்டேட்டில் இருப்பதில் வந்து நின்றுவிட்டது. ஒத்துக்கொண்டேன். வேறு வழி?

நிறுவைக்கு நின்றவர்களைக் கூப்பிட்டுக் கார்டை நீட்டியதும் எல்லோர் முகமும் செத்துவிட்டது. அவர்களில் நன்றாகத் தமிழ் பேசும் ஒரு பெண் உண்டு. வந்த ஆறே மாதத்தில் எங்கள் பெண்கள் திட்டுவதிலிருந்தே கற்றுக்கொண்டவள். அவள் முன்னால் வந்தாள்.

"அண்ணா, எங்களுக்கு வேலை போச்சா?"

"இல்லம்மா. உங்க கார்டு, நீங்களே வெச்சுக்கங்க."

"எதுக்கு?"

அந்தக் கேள்வியை அவள் என்னிடம்தான் கற்றிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பதினொன்றும் கொடுத்து முடிந்தபிறகு என் கையில் ஒன்று மிச்சம் இருந்தது. மீசை வைத்த ஓர் ஆளின் படம். யாரென்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், அப்பா செத்துப்போய்விட்டார் என்று கார்டைக் கேட்டு மழையில் வந்து நின்றான். கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம். நாளைக்கு வா, பார்க்கலாம் என்றேன். மறுநாள் அவன் இல்லை. கார்டு இல்லாமலே போய்விட்டான். நன்றி கெட்டவன் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு மறந்துபோனேன். ஒருத்தன் ஓடினதில்லை என்று இப்போதுதானே மார்தட்டினேன்! அந்தக் கார்டை மேடம் பார்ப்பதற்குள் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து நான் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். பதினோரு பேரும் எனக்குப் பதினோரு மாப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். காலைப் பெரட்டில், அதாவது எஸ்டேட்டில் காலையில் ஆள் எண்ணும்போது, பெயர் கூப்பிட்டு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். லைனில் ஒழுகிய கூரைக்குத் தகரம் போட்டேன். அட்டைக்கடிக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று ஒரு வருஷமாகக் கேட்டிருந்தார்கள்; ஸ்டோர் ரூமில் பத்து ஜோடி பூட்ஸ் எலி கடித்துக் கிடந்ததை எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மார்க்கெட்டுக்குப் போக ஜீப் ஏற்பாடு செய்தேன். மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்வோம். அவர் என்னைக் கூப்பிட்டு, "என்னய்யா, எலெக்ஷன்ல நிக்கப் போறியா?" என்றார்.

அவர்களுக்கோ சந்தேகம் வந்துவிட்டது. அந்தத் தமிழ் பேசும் பெண் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. எங்களை எங்கயாச்சும் விக்கப் போறீங்களா?"

அன்றைக்குத்தான் அவளிடம் முழுக்கதையையும் சொன்னேன். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். கேட்டு முடித்ததும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். போய் மற்றப் பத்துப் பேருக்கும் அவர்கள் மொழியில் சொல்லியிருக்கிறாள். லைனிலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. பதினோரு பேரும் தலைத்துணி, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சகிதம் ஷெட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். மேடம் விரல் விட்டு எண்ணினார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் தேயிலைக்குள் ஒரு காட்டெருமை வந்து நின்றது. எங்களுக்கு அது நாய் வருவது மாதிரி, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடம் வீட்டில் ஒரே அலறல். அவருடைய பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் அந்த வீட்டில் கூட்டம் கூடியது.

இரண்டாவது வாரம் மேடம் லைனையும் பார்க்க வேண்டும் என்றார். டவர் விட்டு விட்டுக் கிடைக்க, தங்கை மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனைத் தூக்கி நடந்தாள். கக்கூஸைக் காட்டும்போது மேடத்தின் முகம் மாறியது.

"ஏண்ணே, கதவு எங்கன்னு கேக்கறாங்க."

"சாக்குத் தொங்குதே."

"மனுசங்களைக் கதவில்லாத எடத்துலயா வெப்பீங்க, இது பாவம் இல்லையாங்கறாங்க." அதே மூச்சில், குரலை மாற்றாமல் சொன்னாள். "என் ரூமுக்கும் கதவு கெடையாதுண்ணே. அடுப்படிக்குப் பக்கத்துல சாமான் போடற ரூமு. நாலு வருசமாச்சு. இதை மேடம் சொல்லலை, நான் சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக அவள் அதைச் சொன்னதில்லை. நானும் எங்கே படுக்கிறாய் என்று கேட்டதில்லை.

"மேடத்துகிட்ட சொல்லு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள இங்க கதவு போட்டுர்றேன். அங்க என் தங்கச்சி ரூமுக்கும் கதவு வேணும். நான் காட்டறப்ப அவங்களும் காட்டணும்."

மேடம் பின்னால் திரும்பிப் பார்த்தார். கூட்டம் வேறு பார்த்துக்கொண்டிருந்தது. சரி என்றார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், இப்படித்தான் இரண்டு பக்கமும் இன்ஸ்பெக்ஷன் ஆரம்பமானது. மூன்றாம் வாரம் நான் கதவைத் திறந்து மூடித் தாழ்ப்பாள் போட்டுக் காட்டினேன். அவர் என் தங்கையின் அறையைக் காட்டினார். கதவு இல்லை, திரை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் உடனே என் பூட்ஸ் கணக்கைப் பிடித்தார்: பதினோரு பேருக்குப் பத்து ஜோடியா? நான் தங்கைக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா என்று கேட்டேன். அவர் இங்கே நிற்கிற மூன்றாவது பெண் இருமுகிறாளே, டாக்டரிடம் காட்டினாயா என்றார். வாய்ச்சண்டை முற்றி, நடுவில் என் தங்கை இரண்டு பேருக்கும் மொழிபெயர்த்தே களைத்துப் போனாள். கடைசியில் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம். இங்கே இருமல் மருந்து, அங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓய்வு. எந்த ஆபீசரும் வந்து பார்க்காத இரண்டு இடத்தை, தப்புச் செய்த இரண்டு பேரே மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம்.

ஒரு வாரம் பாக்கி. தங்கை மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை, அந்தத் தமிழ் பேசும் பெண் பையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, ஊருக்குப் போறேன். என் தம்பிக்குக் கல்யாணம். இன்னைக்கு ராத்திரி கோயம்புத்தூர்ல ரயில்."

"நாலே நாள் பொறுத்துக்கம்மா. வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் நானே ஏத்திவிடறேன்."

"கல்யாணமே வெள்ளிக்கிழமைதான்."

"உனக்குத் தெரியுமில்ல, நீ போயிட்டா எந் தங்கச்சி வர முடியாது."

"தெரியும்."

"அப்புறம்?"

அவள் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டாள். "நான் உங்க தங்கச்சிக்கு ஜாமீனா அண்ணா?"

ஒரு மாதத்துக்கு முன் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. "நாளைக்கு வா" என்று பெட்டியை மூடியிருப்பேன். இப்போது கார்டு அவளிடம் இருந்தது. அவள் கேட்கக்கூட இல்லை, சொல்லத்தான் வந்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்தேன். வயிறு எரிந்துகொண்டுதான் நடந்தேன், அதை மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை பத்துப் பேர்தான் இருந்தார்கள். நானும் என் மனைவியும் முழித்துக்கொண்டு நிற்க, தங்கை மகள் போனை என் மனைவி கையில் திணித்தாள். யாருடையதோ தலைத்துணியை வாங்கிக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் தாளை வயிற்றுக்கு மேலே இறுக்கி, வரிசையில் கடைசியாகப் போய் நின்றுவிட்டாள்.

"கிறுக்கி, நீ எதுக்குடி அங்க?" என்று என் மனைவி கத்தினாள்.

"எங்கம்மா வர்றதுக்கு நான் நிக்காம வேற யாரு நிப்பா? போன் போடுங்க அத்தை."

போட்டோம். மேடம் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்துவரை விரல் சரியாக வந்தது. பதினொன்றில் நின்றது. ஒன்பது மாத வயிறு எந்தப் பிளாஸ்டிக் தாளுக்குள் அடங்கும்! மேடம் எழுந்து நின்று கத்தினார். கர்ப்பிணியை வேலைக்கு நிறுத்துகிறாயா, நீயெல்லாம் மனுஷனா என்று. தங்கை இதைச் சொல்லவே இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனுக்கு ரொம்பக் கிட்டே வந்து மகளைப் பார்த்தாள். அதுவரை முகத்தை மட்டும்தான் போனில் பார்த்திருக்கிறாள். முழுசாக, வயிறும் வீங்கிய காலுமாக, அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"என்னம்மா இது கோலம்?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

மேடத்துக்கு விஷயம் புரிந்ததும் முகம் இறுகியது. நாலு வாரமாக எண்ணி எண்ணி அவருக்குப் பதினோரு பேரும் அத்துப்படி. சிரிக்கிற அந்தப் பெண் எங்கே என்று கேட்டார். நான் மழுப்பவில்லை.

"தம்பி கல்யாணத்துக்குப் போயிட்டாங்கன்னு சொல்லு."

"நீங்க விட்டீங்களாங்கறாங்க."

"கார்டு அவங்ககிட்ட இருக்கு. இதுல நான் விடறதுக்கு என்ன இருக்கு?"

"திரும்பி வருவாங்களாங்கறாங்க."

"தெரியாது."

பந்தயத்தில் தோற்றாய், ஏமாற்றவும் பார்த்தாய் என்று மேடம் சொன்னது மொழிபெயர்க்காமலே புரிந்தது. தங்கை தமிழில், "அண்ணே, போனை வை" என்றாள். வைத்தோம். தங்கை மகள் பிளாஸ்டிக் தாளோடேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வரிசையில் நின்ற பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நான் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு தேயிலைக்குள் போய்விட்டேன்.

அந்தப் பக்கம் நடந்ததைத் தங்கை பிறகு சொன்னாள். மேடத்துக்கு முன்னால் போய் நின்றாளாம். நாலு வருஷத்தில் முதல்முறையாக அவர் உட்காரச் சொல்லாமலே எதிரில் உட்கார்ந்தாளாம்.

"அவங்களுக்கு நான் ஒண்ணுதான் சொன்னேண்ணே. அந்தப் பொண்ணு கார்டைக் கையில வெச்சிருந்துச்சு, சொல்லிட்டுப் போச்சு. நான் நாலு வருசமா எங்கயும் போகலை. அது என் கொணத்தாலயா, உங்க பீரோவாலயா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னா குடுங்க. குடுக்கலைன்னா நாளைக்குக் காலைல அந்தச் சட்டம் சொன்ன ஆபீசுக்கு நடந்தே போறேன்னேன்."

மேடம் எழுந்து போய் பீரோவைத் திறந்தாராம். பாஸ்போர்ட் அங்கே இல்லை! எங்கேயும் இல்லை. இரண்டு நாள் வீட்டையே தலைகீழாகப் புரட்டியிருக்கிறார்கள். அவ்வளவு பத்திரமாக வைத்ததில், வைத்த இடம் மேடத்துக்கே மறந்துவிட்டது. தொலைத்துவிடுவாள் என்று வாங்கி வைத்தவரே தொலைத்துவிட்டு, என் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தாராம். மூன்றாம் நாள் அடுப்படிப் பரணில் கிடைத்தது. நான் அனுப்பிய டீத்தூள் காலி டின் ஒன்றில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, துளிக்கூட நனையாமல் இருந்தது.

கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். தங்கை மகளை டாக்டர் இருமலுக்குக்கூட அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான்கு வருஷத்தில் தங்கை இளைத்திருந்தாள், முன்தலை நரைத்திருந்தது. இரண்டு பேரும் அழுது முடித்து, மேட்டுப்பாளையம் போய், குன்னூர் பஸ்ஸுக்காக பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சாண்ணே?"

"இல்ல. போன் பண்ணுச்சு. ஊர்லயே வேலை கெடச்சிருச்சாம், வரலைன்னு சொல்லிருச்சு."

"நல்லது," என்றாள் தங்கை. மிச்சமிருந்த அந்தக் கார்டைப் பற்றி ஒரு நாள் போனில் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "அந்த மீசைக்காரன் கார்டு?"

"ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். ஆள் இல்லைன்னு திரும்பி வந்துருச்சு."

டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்தாள். "மோந்து பாரு, இன்னும் நம்ம டீத்தூள் வாசம் அடிக்குது." வாங்கி மோந்தேன். அடித்தது. பஸ் வந்துவிட்டது, ஆட்கள் முண்டியடித்தார்கள். அவள் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"கூட்டமா இருக்கும்மா," என்றேன். "எங்கிட்டயே இருக்கட்டும். பத்திரமா வெக்கறேன்."

என் வாயிலிருந்துதான் வந்தது. பாஸ்போர்ட் என் சட்டைப் பைக்குள் பாதி போய்விட்டிருந்தது. தங்கை நீட்டிய கையை மடக்கவில்லை. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன்.